‘கண்ணாடி கொண்டுவரல’: எழுத்தறிவு எதுவரை?

வாசகர் கேள்வி, செப்டம்பர் 8

இன்று உலக எழுத்தறிவு நாள். என் பாட்டிக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனால் மேகத்தைப் பார்த்து மழை எப்போது வரும் என்று சொல்வார். வாசலில் வந்து நிற்பவர் என்ன மனநிலையில் வந்திருக்கிறார் என்பதை நடையிலேயே கண்டுபிடிப்பார். வீட்டுக் கணக்கு முழுக்க மனதில்தான். அவரைப் படிப்பறிவு இல்லாதவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. எழுத்தறிவு என்பதை எழுத்தோடு நிறுத்திக்கொள்வது சரிதானா?

செப்டம்பர் 8, இரவு

உங்கள் பாட்டி அறிவாளி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவரை எழுத்தறிவு உள்ளவர் என்று அழைப்பதை நான் ஏற்க மாட்டேன். அப்படி அழைப்பது மரியாதை போலத் தெரியும். உண்மையில், அவருக்குக் கிடைக்காமல் போன ஒன்றை நாம் மூடி மறைக்கிறோம். இன்றும் உலகில் 70 கோடிக்கும் அதிகமான பெரியவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். ‘அவர்கள் வானத்தைப் படிக்கிறார்கள்’ என்று சொல்லிவிட்டால் நமக்கு மனம் லேசாகிவிடும், அவர்களுக்கு ஒன்றும் மாறாது.

சில வருடங்கள் மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா வந்தார். எதற்காகப் படிக்க வந்தீர்கள் என்று கேட்டேன். பேருந்துப் பலகையைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். அதுவரை எப்படிச் சமாளித்தார்? பக்கத்தில் நிற்பவரிடம், “தம்பி, கண்ணாடி கொண்டுவரல, இது எங்க போற வண்டி?” என்று கேட்பாராம். அவரிடம் கண்ணாடியே கிடையாது. முப்பது வருடமாக அதே வாக்கியம். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அவருக்கும் ஆயிரம் விஷயம் தெரியும். அந்த நிறுத்தத்தில் அதில் ஒன்றுகூட அவருக்குத் துணைக்கு வரவில்லை.

செப்டம்பர் 9

‘எழுத்தறிவு என்றால் கையெழுத்துப் போடத் தெரிவதா?’ என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இல்லை. யுனெஸ்கோ 1958இல் ஒரு வரையறை கொடுத்தது. தன் அன்றாட வாழ்க்கை பற்றிய எளிய, சிறிய கூற்று ஒன்றைப் புரிந்துகொண்டு படிக்கவும் எழுதவும் முடிந்தவரே எழுத்தறிவு உள்ளவர். அதில் நான் அடிக்கோடு இடுவது ‘புரிந்துகொண்டு’ என்ற சொல்லை. 1978இல் இன்னும் ஒரு படி போனார்கள். ஒருவர் வாழும் சமூகத்தில் எழுத்து தேவைப்படும் காரியங்களில் எல்லாம் அவரால் பங்கெடுக்க முடிய வேண்டும் என்றார்கள். அதாவது அளவுகோல் ஆளைவிட்டு நகர்ந்து சூழலுக்குப் போய்விட்டது. சூழல் மாறினால் நேற்றைய படித்தவர் இன்று படிக்காதவராக ஆகலாம். இதை எழுதும்போதே எனக்கு லேசாக உறுத்துகிறது. பிறகு வருகிறேன்.

செப்டம்பர் 12

என் பக்கத்துக்கு வலுச் சேர்க்க ஒரு செய்தி. ரஷ்ய உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா 1931, 1932இல் உஸ்பெகிஸ்தானின் கிராமங்களுக்குப் போனார். எழுத்துத் தெரியாத விவசாயிகளிடம் ஒரு புதிர் போட்டார். பனி கிடக்கும் தூர வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவயா செம்ல்யா தூர வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்? ‘நான் கறுப்புக் கரடியைத்தான் பார்த்திருக்கிறேன், பார்க்காததைப் பற்றி எப்படிச் சொல்வேன்’ என்கிற மாதிரி பதில் வந்தது. கொஞ்சம் படித்தவர்கள் உடனே வெள்ளை என்றார்கள்.

எழுத்து என்பது ஒலியைக் குறிக்கும் கருவி மட்டும் இல்லை, சிந்திக்கும் விதத்தையே மாற்றுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

செப்டம்பர் 12, சற்று நேரம் கழித்து

‘பார்க்காததைப் பற்றிப் பேச மாட்டேன் என்று சொன்னவர்தான் அங்கே நேர்மையானவர்’ என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன். நீதிமன்றத்தில் சாட்சி அப்படித்தான் பேச வேண்டும். அவருக்குத் தர்க்கம் வரவில்லை என்பதைவிட, கேள்வி கேட்டவரின் விளையாட்டுக்குள் அவர் வர விரும்பவில்லை என்பதே சரியாக இருக்கலாம். யோசிக்கிறேன்.

செப்டம்பர் 16

நான்கு நாளாக ஒன்றை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எழுதுகிறேன்.

போன வருடம் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. காலையில் ஒரு ஊழியர் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினார். நான்கு பக்கம். “படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க, உள்ள கூட்டிட்டுப் போகணும்” என்றார். படித்தேன். ஒவ்வொரு சொல்லையும் என்னால் உச்சரிக்க முடிந்தது. வாக்கியங்களுக்கு இலக்கணம் இருந்தது. முதல் பக்கத்தின் முடிவில் எனக்கு எதுவும் புரியவில்லை என்று தெரிந்தது. இரண்டாவது பக்கத்தில் ‘சதவீதம்’ என்ற சொல்லைப் பார்த்தேன். எதன் சதவீதம் என்று தேடினேன், கிடைக்கவில்லை. ஊழியர் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா என்னைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டேன்.

“படிச்சாச்சா?” என்று அப்பா கேட்டார். “படிச்சுட்டேன்பா” என்றேன்.

அந்த அம்மா ‘கண்ணாடி கொண்டுவரல’ என்று சொன்னாரே, அதே வாக்கியம்தான் இது. 8ஆம் தேதி நான் எழுதியதை மறுபடி படித்தபோது இதுதான் தொண்டையில் நின்றது. அன்று காலை நான் போட்டது கையெழுத்து இல்லை, கைநாட்டு. மை மட்டும் வேறு.

செப்டம்பர் 17

‘அது மருத்துவச் சொற்களின் குற்றம், உங்கள் குற்றம் இல்லை’ என்று ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. பாதி சரி. படிவம் எழுதியவர்கள் என்னை மனதில் வைத்து எழுதவில்லை. ஆனால் இன்னொரு பாதி இருக்கிறது. ‘புரியவில்லை, சொல்லுங்கள்’ என்று கேட்க எனக்கு வாய் இருந்தது. கேட்கவில்லை. ஏன்? படித்தவர் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்ள. படிக்காதவருக்கு ஒரு வெட்கம் உண்டு என்று நமக்குத் தெரியும். படித்தவருக்கு அதைவிடப் பெரிய வெட்கம் உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

செப்டம்பர் 21: ஒரு திருத்தம்

லூரியாவை வைத்து நான் சொன்னது அவசரம். எழுத்துத்தான் சிந்தனையை மாற்றியது என்று முடிவு கட்டினேன். ஆனால் எழுத்தும் பள்ளிக்கூடமும் ஒன்றாகவே வந்தால், எது எதை மாற்றியது என்று எப்படிப் பிரிப்பது?

பிரித்துப் பார்க்க ஒரு இடம் கிடைத்தது, லைபீரியாவில். வாய் (Vai) என்ற இன மக்களுக்கு 1830களில் அவர்களில் ஒருவரே உருவாக்கிய சொந்த எழுத்து இருக்கிறது. அதைப் பள்ளியில் கற்பதில்லை. உறவினரோ நண்பரோ சொல்லிக் கொடுப்பார். கடிதமும் கணக்கும் எழுதப் பயன்படும். அதே ஊர்களில் குர்ஆன் ஓத அரபு கற்றவர்கள் உண்டு, பள்ளியில் ஆங்கிலம் கற்றவர்கள் உண்டு, எதுவும் கற்காதவர்களும் உண்டு. உளவியலாளர்கள் சில்வியா ஸ்கிரிப்னர், மைக்கேல் கோல் இருவரும் 1970களில் அங்கே ஆராய்ந்து 1981இல் முடிவை வெளியிட்டார்கள். கரடிப் புதிர் மாதிரியான கேள்விகளில் முன்னுக்கு வந்தவர்கள் பள்ளிக்குப் போனவர்கள். வாய் எழுத்து மட்டும் தெரிந்தவர்கள் எழுத்தே தெரியாதவர்களைவிட அதில் மேலாக இல்லை. பள்ளி கற்றுக்கொடுத்தது புதிருக்குப் பதில் சொல்லும் பழக்கத்தை.

ஆனால் எழுத்து ஒன்றும் தரவில்லை என்றும் இல்லை. ஒரு பலகை விளையாட்டை, பக்கத்தில் இல்லாத ஒருவருக்குப் புரியும்படி விளக்கச் சொன்னபோது கடிதம் எழுதிப் பழகியவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும் பட்டியலை வரிசை மாறாமல் நினைவில் வைப்பதில் குர்ஆன் ஓதிப் பழகியவர்கள் தேறினார்கள். எதைச் செய்து பழகினார்களோ அது கை வந்தது.

இது எனக்குப் பெரிய விஷயம். எழுத்தறிவு என்று ஒற்றைப் பொருள் எங்கோ இருக்கிறது, அது சிலரிடம் இருக்கிறது சிலரிடம் இல்லை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி ஒன்று இல்லை போலிருக்கிறது. கடிதம் எழுதத் தெரிந்தவர் உண்டு, ஓதத் தெரிந்தவர் உண்டு, படிவம் நிரப்பத் தெரிந்தவர் உண்டு.

செப்டம்பர் 22

கொஞ்சம் விலகிப் போகிறேன். தமிழில் புத்தகத்தையும் வாசிக்கிறோம், வீணையையும் வாசிக்கிறோம். ஒரே வினைச்சொல். கண் முன்னால் இருக்கும் ஒன்றிலிருந்து, அதுவரை வெளியே இல்லாத ஒன்றை எழுப்புவது இரண்டிலும் நடக்கிறது. ‘எழுத்து’ என்ற சொல்லும் அப்படித்தான். நம் இலக்கணத்தில் எழுத்து என்றால் முதலில் ஒலி, அப்புறம்தான் வரி வடிவம்.

இன்னொன்று. ஒருவரைப் புகழும்போது ‘கல்வி கேள்விகளில் சிறந்தவர்’ என்கிறோம். இங்கே கேள்வி என்பது கேட்டு அறிவது. கல்விக்குச் சமமாக, அதே மூச்சில் அதை வைத்திருக்கிறது மொழி. அதே சொல்தான் வினாவுக்கும். காதால் கேட்பதும் வாயால் கேட்பதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. மருத்துவமனையில் எனக்கு இல்லாமல் போனது இந்த இரண்டாவது கேள்விதான்.

பார்வையற்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. திரையில் இருப்பதைக் குரலாக்கும் மென்பொருள் வழியாகப் படிப்பார். அவர் வைத்திருக்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. ‘நேற்று அந்தப் புத்தகம் கேட்டேன்’ என்று அவர் சொல்வதில்லை, ‘படித்தேன்’ என்றுதான் சொல்வார். சரியாகத்தான் சொல்கிறார். திரும்பிப் போய் ஒரு வரியை மறுபடி எடுக்கிறார், ஆசிரியரோடு சண்டை போடுகிறார், முடிவை ஏற்க மறுக்கிறார். இதற்கு மேல் படிப்பு என்றால் என்ன?

செப்டம்பர் 29

எண் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ‘எண்ணும் எழுத்தும்’ என்று எண்ணை முன்னால் வைத்துப் பேசுகிற மொழி நம்முடையது. ஆனால் எழுத்துத் தெரியாது என்று சொல்லக் கூசுபவர்கள், ‘எனக்குக் கணக்கு வராது’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இனி சொல்ல மாட்டேன்.

அம்மாவுக்கு ஒரு முறை பரிசோதனை முடிவு வந்தது. நெகட்டிவ் என்று போட்டிருந்தது. அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். நெகட்டிவ் என்றால் கெட்டது என்று நினைத்துவிட்டார். நோய் இல்லை என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. அன்று அம்மாவை நினைத்துச் சிரித்தோம். ஆனால் பாசிட்டிவ் என்று வந்திருந்தால் அது எந்த அளவு உண்மை என்று எங்களில் யாருக்காவது தெரிந்திருக்குமா?

1978இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இருக்கிறது. ஹார்வர்டின் பயிற்சி மருத்துவமனைகளில் மருத்துவர்கள், மாணவர்கள் என 60 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய். பரிசோதனை, நோய் இல்லாதவர்களில் 5 சதவீதத்தினருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும். ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்திருக்கிறது, வேறெதுவும் தெரியாது. அவருக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? ஏறக்குறைய பாதிப் பேர் 95 சதவீதம் என்றார்கள். சரியான விடை சுமார் 2 சதவீதம். சொன்னவர்கள் 11 பேர்.

சதவீதத்தை விட்டுவிட்டு ஆட்களாக எண்ணினால் எளிது. ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்துங்கள். நோய் உள்ளவர் ஒருவர், அவருக்குப் பாசிட்டிவ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 999 பேரில் ஏறக்குறைய 50 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வரும். ஆக 51 பேர் கையில் பாசிட்டிவ் சீட்டு, உண்மையில் நோய் ஒருவருக்கு. என் அம்மாவுக்கு இப்படிச் சொன்னேன். புரிந்தது. ‘மீதி அம்பது பேரும் ராத்திரி தூங்கியிருக்க மாட்டாங்களே’ என்றார்.

எண்ணை யார் எப்படிச் சொல்கிறார்கள் என்பதில் உயிரே போகலாம். 1995இல் பிரிட்டனில் ஒரு எச்சரிக்கை வந்தது. சில வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று செய்தி பரவியது. 7000 பேரில் ஒருவருக்கு இருந்தது 7000 பேரில் இருவருக்கு ஆனது, அதுதான் இரண்டு மடங்கு. பயந்துபோய்ப் பல பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடின என்று மதிப்பிட்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. எதில் இரண்டு மடங்கு என்று கேட்கத்தான் ஆள் இல்லை. என் படிவத்தில் இருந்த சதவீதமும் அதேதான்.

செப்டம்பர் 30

எதிர்ப்பக்கமும் உண்டு. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் பொருள் விற்கும் சிறுவர்களை ஆராய்ந்து 1985இல் எழுதினார்கள். விற்கும்போது போட்ட கணக்கில் 98 சதவீதம் சரி. அதே கணக்கைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. தாளில் தோற்றவர்களுக்குக் கணக்கு தெரியாது என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். தெருவுக்குப் போய்ப் பார்த்ததால்தான் உண்மை தெரிந்தது.

அக்டோபர் 1

நேற்றைய குறிப்புக்கு ஒரு திருத்தம், சுட்டிக்காட்டிய வாசகருக்கு நன்றி. அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஐந்தே ஐந்து சிறுவர்கள். நகரத்துச் சிறுவர்கள் எல்லோரும் என்பது போல நான் எழுதிவிட்டேன். சதவீதத்தைப் பார்த்தால் ‘எத்தனை பேரில்?’ என்று கேட்க வேண்டும் என்று முந்தைய நாள்தான் நீளமாக எழுதியிருந்தேன். ஆய்வின் மதிப்பு குறையவில்லை, ஒரே சிறுவனின் இரண்டு கணக்குகளை ஒப்பிடுவதுதான் அதன் நோக்கம். ஆனால் எண்ணைச் சொல்லியிருக்க வேண்டும்.

அக்டோபர் 6

படிப்பதையும் எழுதுவதையும் சேர்த்தே சொல்லிக்கொண்டிருக்கிறோம், ‘எழுதப் படிக்க’ என்று. இரண்டும் ஒன்று இல்லை. வரலாற்றில் இவற்றை வேண்டுமென்றே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ஸ்வீடனில் 1686இல் ஒரு திருச்சபைச் சட்டம் வந்தது. குடும்பத்தில் எல்லோரும், வேலைக்காரர் உட்பட, படிக்கக் கற்க வேண்டும். பாதிரியார் வந்து சோதிப்பார். சில தலைமுறைகளில் நாட்டில் பெரும்பாலோர் படித்தார்கள். எழுத? அதை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, பலருக்கு நெடுங்காலம் வரவும் இல்லை. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1740இல் வந்த சட்டம் இன்னும் வெளிப்படை. அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைத் தடை செய்தது, மீறினால் அபராதம். அதில் படிப்பைப் பற்றிய பேச்சு இல்லை, எழுதுவதைத்தான் குறிவைத்தார்கள்.

ஏன் என்று யோசித்தால் உடல் சிலிர்க்கிறது. படிக்கத் தெரிந்தவருக்கு ஆணை போய்ச் சேரும். எழுதத் தெரிந்தவர் பதில் சொல்வார். வெளியே போக எஜமான் தர வேண்டிய அனுமதிச் சீட்டைத் தானே எழுதிக்கொண்டு கிளம்பியும் விடுவார்.

பிரேசிலில் எழுத்துத் தெரியாதவர்களுக்கு 1985வரை வாக்குரிமை கிடையாது. 1963இல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரேயின் குழு சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. பழத்தின் படத்தில் தொடங்கவில்லை. ‘செங்கல்’ போல அவர்கள் கையில் புழங்கும் சொல்லை எடுத்து, அதைப் பற்றிப் பேசவைத்தார்கள். இந்தச் செங்கல்லை அடுக்குவது யார், வீட்டில் குடியிருப்பது யார்? பேச்சுக்கு அப்புறம்தான் எழுத்து. மறு வருடம் ராணுவ ஆட்சி வந்ததும் ஃபிரெய்ரேயை 70 நாள் சிறையில் வைத்தார்கள். பிறகு அவர் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. வெறும் எழுத்தைக் கற்றுக்கொடுத்ததற்கு யாரையும் சிறையில் வைக்க மாட்டார்கள்.

அக்டோபர் 7

சிறு சேர்க்கை. பிரெஞ்சு மருத்துவர் தெஜெரின் 1892இல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். மூளையில் ரத்த ஓட்டம் தடைப்பட்டதால் அவரால் படிக்க முடியாமல் போனது. ஆனால் எழுத முடிந்தது. தான் எழுதியதையே சற்று நேரம் கழித்துப் படிக்க முடியவில்லை. எண்களை மட்டும் படித்தார், கணக்கும் போட்டார். எண், எழுத்து, படிப்பு, எழுதுவது எல்லாம் நமக்குள் தனித்தனி இழைகளாக ஓடுகின்றன. அறுந்தால்தான் தெரிகிறது.

அக்டோபர் 12

திரையைப் பற்றி ஏன் பேசவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பேசத் தயங்கியதற்குக் காரணம், ‘மருத்துவ எழுத்தறிவு’, ‘நிதி எழுத்தறிவு’, ‘ஊடக எழுத்தறிவு’ என்று வால் முளைத்துக்கொண்டே போவது எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒட்டவைத்தால் அந்தச் சொல்லுக்கு எடை இருக்காது.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் சாம் வைன்பர்க்கும் உடன் இருந்தவர்களும் 45 பேரை இணையத்தில் படிக்கவிட்டுப் பார்த்தார்கள். வரலாற்றுப் பேராசிரியர்கள் 10, அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் 25, செய்தி சரிபார்ப்பவர்கள் 10. நன்றாகப் படிக்கத் தெரிந்த பேராசிரியர்களும் மாணவர்களும் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்தார்கள். அழகான சின்னம், கம்பீரமான பெயர் பார்த்துப் பலர் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்லை. உடனே அதை விட்டு வெளியே வந்து, இதை நடத்துபவர் யார், மற்றவர்கள் இவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தார்கள்.

வரி பிசகாமல் படிப்பதுதான் நல்ல படிப்பு என்று நான் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எப்போது படிப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் படிப்புதான் என்று யாருக்கும் சொல்லவில்லை.

எங்கள் குடும்பக் குழுவில் இதை வைத்துப் பார்த்தேன். என் சித்தப்பா நிறையப் படித்தவர், வருகிற எல்லாவற்றையும் முன்னனுப்புவார். அத்தை மூன்றாம் வகுப்போடு நின்றவர். எது வந்தாலும் ‘இத யாரு சொன்னா?’ என்று கேட்பார். முதலில் எல்லோருக்கும் எரிச்சல். இப்போது சித்தப்பாவே அனுப்பும் முன் அத்தையிடம் கேட்கிறார்.

அக்டோபர் 20

மறுபடி பாட்டியிடம் வருகிறேன். வானத்தைப் படிப்பது என்று சொன்னதை நான் வெறும் அலங்காரப் பேச்சு என்று தள்ளினேன். அது தவறு என்று நினைக்கிறேன்.

மைக்ரோனீசியாவின் சடவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லக் 1976இல் ஹோகுலேயா என்ற இரட்டை உடல் பாய்மரக் கலத்தை ஹவாயிலிருந்து தஹிதிவரை நடத்திப் போனார். கலத்தில் திசைகாட்டி இல்லை, வரைபடம் இல்லை. சுமார் 4000 கிலோமீட்டர், ஒரு மாதத்துக்கும் மேல். எந்த நட்சத்திரம் கடலின் எந்த இடத்தில் எழும், எங்கே அடையும், அலையின் வீக்கம் எந்தப் பக்கமிருந்து கலத்தைத் தூக்குகிறது, பறவை மாலையில் எங்கே திரும்புகிறது, இவற்றை வைத்துத்தான். மார்ஷல் தீவுகளில் குச்சிகளைக் கட்டி அலைகளின் போக்கைக் காட்டும் வரைபடம் செய்வார்கள். ஆனால் அதைக் கடலுக்கு எடுத்துப் போக மாட்டார்கள். கரையில் கற்று மனதில் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

இதை அறிவு என்றோ திறமை என்றோ மட்டும் சொல்லிவிட முடியாது. குறிகள் இருக்கின்றன, அவற்றுக்கு ஒழுங்கு இருக்கிறது, ஒருவர் இன்னொருவருக்குக் கற்றுத்தர முடிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தவறாகப் படித்தால் தவறு என்று தெரிந்து திருத்திக்கொள்ள முடிகிறது. எனக்கு இப்போது இதுதான் அளவுகோல். ஒருவர் தான் தவறாகப் புரிந்துகொண்டதை எங்கே கண்டுபிடிக்க முடிகிறதோ, எங்கே திரும்பிக் கேட்க முடிகிறதோ, அங்கே அவர் படித்தவர். உங்கள் பாட்டி மேகத்தின் முன்னால் படித்தவர், காகிதத்தின் முன்னால் இல்லை. நான் அந்தப் படிவத்தின் முன்னால் இல்லை.

8ஆம் தேதி சொன்னதில் ஒன்றை மட்டும் விட மாட்டேன். நிலம் யாருடையது, கடன் எவ்வளவு, சிகிச்சை என்ன என்பதையெல்லாம் காகிதம்தான் முடிவு செய்கிறது, மேகம் இல்லை. அதனால் பாட்டிக்கு எழுத்துக் கிடைத்திருக்க வேண்டும்.

ஒரு கேள்வி: அந்த மேகக் கணக்கைப் பாட்டியிடமிருந்து வீட்டில் யாராவது கற்றுக்கொண்டீர்களா?

அக்டோபர் 21

கேள்வி கேட்ட வாசகரின் பதில் வந்தது, அப்படியே தருகிறேன்: ‘இல்லை. யாரும் கேட்டதில்லை. பாட்டி சொல்வார், நாங்கள் துணியை எடுத்து உள்ளே போடுவோம், அவ்வளவுதான்.’

சடவாலிலும் இளையவர்கள் கற்க வரவில்லை. அதனால்தான் மாவ், வழக்கத்தை மீறி வெளித்தீவு மக்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அதற்காகச் சொந்த மக்களிடம் பேச்சும் வாங்கினார்.

அக்டோபர் 27

பேருந்துப் பலகை அம்மா என்ன ஆனார் என்று பலர் கேட்டீர்கள். நான்கு மாதத்தில் பலகை படித்தார். ஒரு நாள் வந்து, ‘இன்னைக்கு ஒரு புள்ளைக்கு நான் பலகை படிச்சுச் சொன்னேன்’ என்றார். அன்று வகுப்பே நடக்கவில்லை, எல்லோரும் அதைப் பற்றியே பேசினோம்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது வேறு நாள். வருகைப் பதிவேட்டில் பெயர்களை நான்தான் எழுதி வைப்பேன், அவர்கள் எதிரே கையெழுத்துப் போடுவார்கள். ஆறாவது மாதம் பதிவேட்டைத் திறந்தால் அவர் பெயரில் நான் எழுதியிருந்த ‘ல’வின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் நடுங்கிய கையில் ‘ள’. ஆறு மாதமாக அவர் பெயரைத் தவறாக எழுதி வந்திருக்கிறேன். அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. திருத்திவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தார்.

நவம்பர் 2

அப்பாவுக்குப் போன வாரம் இன்னொரு சிறிய சிகிச்சை. வேறு இடம், அதே மாதிரி படிவம். இந்த முறை அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இருவரும் சத்தமாகப் படித்தோம். மூன்றாவது பத்தியில் நிறுத்தினேன். “இந்த வரி எங்களுக்குப் புரியல. இந்தச் சதவீதம் எத்தனை பேரைப் பார்த்துச் சொன்னது?” என்று கேட்டேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. இளம் மருத்துவர் படிவத்தை வாங்கினார். அந்த வரியைப் படித்தார். மறுபடி படித்தார்.

“ஒரு நிமிஷம், கேட்டுட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.